சிவந்த கழுத்துகள்

அக்டோபர் 19, ஞாயிறு

இது உன் கையில் கிடைத்திருந்தால், நீ யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து மூடிவிடு. மனசு கேட்காவிட்டால் படி. ஆனால் யாரிடமும் காட்டாதே. அம்மாவிடம் வேண்டவே வேண்டாம்.

வியாழக்கிழமை அம்மா மிசூலா நகருக்குப் போயிருந்தபோது, மறுபடி நிரப்பிச் சுட அவள் வைத்திருந்த காலித் தோட்டாக் கூடுகள் அறுபதையும் நான் காய்ச்சினேன். பலமுறை சுட்டு விறைத்துப்போன பித்தளைக் கழுத்தை அம்மா நெருப்பில் காட்டி இளக்குவாள். சில நொடிதான், சிவப்பதற்குள் எடுத்துவிடுவாள். அந்த வேலையை முடித்துவைத்து அவளை அசத்த நினைத்தேன். முதல் கூடு சிவந்தது. எடுக்க வேண்டும் என்று தெரியும். எடுக்கவில்லை. பித்தளைக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல ஆரஞ்சு, உள்ளே இன்னும் வெளிச்சமாக ஓர் ஆரஞ்சு. மூச்சுவிட மறந்தேன். அறுபதையும் அப்படியே காய்ச்சினேன். பிறகு குலுக்கும் இயந்திரத்தில் போட்டுக் கறையைப் போக்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20

அம்மா கூடுகளில் வெடிமருந்து நிரப்பி, குண்டைப் பொருத்தி, வழக்கம்போல் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கழுத்து அதைப் பிடிக்கவே இல்லை. அடுத்ததும் அப்படித்தான். நிரப்பியதில் சிலது மட்டும் பிடித்த மாதிரி இருந்தது.

"என்ன வெர்னா, கண்ணு மங்கிடுச்சா?" என்றார் அப்பா.

"உங்க வாய் மங்கினா தேவல."

ஆனால் அவள் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 21

குண்டுகளை அளந்தாள். அளவு சரி.

அக்டோபர் 22

கழுத்தைச் சுருக்கும் அச்சைக் கழற்றி அளந்தாள். அதுவும் சரி. பிறகு ஒரு புதுக் கூட்டை அதே அச்சில் கொடுத்துக் குண்டைப் பொருத்தினாள். மேசை விளிம்பில் வைத்து அழுத்தியும் குண்டு அசையவில்லை.

"அச்சு மேல தப்பில்ல. இந்தக் கூடுங்கதான்," என்றாள். சாப்பிடும்போது தட்டிலிருந்த மீட்லோஃப் இறைச்சியைப் பார்த்துக் கேட்டாள்: "அறுபதுக்கும் ஒரே சமயத்துல என்ன வந்துச்சு?"

மெல்லாமல் விழுங்கினேன்.

பயமாக இருக்கிறது. ஆனால் எப்படி வருகிறாள்! ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், என் பக்கமாக. என் அம்மாவா இது?

அக்டோபர் 23

குறடால் கழுத்தை லேசாக நசுக்கினாள். புதுக் கூடு தானே நிமிர்ந்துகொண்டது. பழையது ஈயம் மாதிரி நசுங்கியபடியே கிடந்தது.

"இதுக்குத் திரும்பி வர்றதே மறந்துபோச்சு," என்றாள். அப்பாவிடம் சொன்னாள்: "நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் இதுல ஒண்ணையும் தொடாதீங்க. முதல் வெடி உதைக்கிற உதையில துப்பாக்கியில இருக்கிற மத்த தோட்டாவுல குண்டெல்லாம் கூட்டுக்குள்ள இறங்கிடும். அப்புறம் அழுத்தம் ஏறி உங்க மூஞ்சியிலயே வெடிக்கும்."

"சரிங்க மேடம்."

அவள் மேலே போனதும் நிரப்பிவைத்ததில் ஐந்தைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "இந்த அஞ்சும் இறுக்கமாத்தான் இருக்கு. உங்கம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம். சொல்லிடாத, டில்டா."

நாளை மறுநாள் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. அந்த ஐந்தும் கெட்டதுதான் என்று எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?

அக்டோபர் 24

அப்பா குளிக்கப் போனபோது ஐந்தையும் எடுத்தேன். அம்மாவின் வேலை மேசையில் வரிசையாக நிறுத்தி, சீட்டு எழுதி வைத்தேன்: 'இது அப்பா பையில் இருந்தது. அறுபதும் கெட்டது. நான்தான் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினேன்.'

இப்போது அம்மா கீழே இருக்கிறாள். விளக்கைப் போட்டாள். அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு அப்பாவின் குரல், மிகவும் சின்னதாக: "கடையில வாங்கின தோட்டா டப்பா எங்க வெச்சிருக்க?"

படியில் காலடி. என் கதவு. தட்டுகிறாள்.

"டில்டா, எந்த நிறத்துக்கு வந்துச்சு?"

கோபமான குரல் இல்லை.

ஆரஞ்சு, அம்மா. உள்ளே இன்னும் வெளிச்சமாக ஓர்