சவரம் செய்த முகமும் ஒரு கரடியும்

அன்பு மகள் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். அம்மா சௌக்கியம். உன் முகாமில் போன் எடுக்காது என்பதால்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதே. கை இன்னும் நடுங்குகிறது.

வந்த மறுநாளே கடையைத் திறந்தேன். முதல் ஆளாகத் தபால்காரர் வந்து உட்கார்ந்தார். நுரை தடவிக் கத்தியை எடுத்ததும், கண்ணாடியில் என் கை ஆடுவதைப் பார்த்துவிட்டார். "அண்ணே, நான் தாடியே வளத்துக்கறேன், விட்ருங்க" என்று நுரையோடு எழுந்துவிட்டார். தெருவே சிரித்தது. அவர்களுக்கென்ன, கரடியின் மூச்சு என் சட்டை மேல்தானே பட்டது!

உன் முகாமுக்கு நான் எதற்கு வந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும். உன்னைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். படித்த பெண் காட்டில் உட்கார்ந்து கரடி எண்ணுவது எனக்கு ஒரு வேலையாகவே படவில்லை. பக்குவமாகப் பேசி இழுத்துவந்துவிடலாம் என்று இருந்தேன்.

கரடி பார்க்கப் போவதற்கு முந்தின நாளே நீ படித்துப் படித்துச் சொன்னாய், சோப்பு வேண்டாம், பவுடர் வேண்டாம், வாசனை எதுவுமே வேண்டாம் என்று. சரி சரி என்று தலையாட்டினேன். ஆனால் காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் சவரம் செய்தேன். சவரம் செய்த முகத்தில் வாசனைத் தண்ணீர் தடவாமல் வெளியே வருவது எனக்குச் சட்டை போடாமல் வருவதற்குச் சமம். காட்டுக்குள் யார் மோந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து, இரண்டு கன்னத்திலும் தாராளமாகவே தடவிக்கொண்டேன்.

நீ ஒளிந்திருந்து கரடி எண்ணும் அந்த மரக்குடிலில் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தபோது முதலில் மலைத்துப்போனேன். தாய்க்கரடி ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டுகிறது. குட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று தண்ணீரில் தள்ளிவிட்டு விளையாடுகின்றன. கூண்டில் பார்த்த கரடி எல்லாம் கரடியே இல்லை என்று தோன்றியது. உன்னிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாய்க்கரடி தலையைத் தூக்கி, இரண்டு காலில் எழுந்து நின்று மூக்கை நீட்டியது. நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். வாசனை எங்கிருந்து வருகிறது என்று உனக்குப் புரிந்துவிட்டது.

அது நேராக வந்தது. என் பக்கத்துப் பலகையில் மூக்கை வைத்து இழுத்த மூச்சு இப்போதும் காதில் கேட்கிறது. பலகை நெளிந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். நீயோ கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றாய். ஐயோ, என் பெண்ணே! உள்ளே அப்பன் உட்கார்ந்திருக்க, நீ வெளியே கரடிக்கு எதிரே!

அங்கே நின்று நீ பேசினாயே, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "ஆச்சு, ஆச்சு, இதோ முடிஞ்சுது, தலைய ஆட்டாதே, நல்ல புள்ள இல்ல" என்றாய். என் நாற்காலியில் உட்கார்ந்து வீறிட்டு அழும் குழந்தைகளிடம் நான் சொல்வது அது. பள்ளிவிட்டு வந்து கடை பெஞ்சில் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருப்பாய். வாய் ஓயாமல் பேசுகிறவள், நான் பேசுவதை எப்போது கேட்டாய்? அந்தக் கரடியும் கேட்டது. நான்கு காலில் இறங்கி, உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ ஈரத்துணியால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாய், அவ்வளவுதான். என் பெண்ணுக்குப் பயமே கிடையாது என்று நினைத்தேன். முகாமுக்குத் திரும்பியதும் டீ குடித்தாய் அல்லவா? டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். அப்படியும் அது பல்லில் இடித்தது. நான் பார்க்கவில்லை என்று நீ நினைத்தாய். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டிவர வந்தேன் என்பதை அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்? இங்கே அம்மா உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருந்தாள். வாசலில் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அவ?" என்றாள். அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது, நன்றாகவே செய்கிறாள் என்றேன். கரடியைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். தூரத்தில் ஒன்று தெரிந்தது என்று சொல்லி வைத்தேன். நீயும் அப்படியே சொல். அந்த விரிப்பை அவள் இன்னும் எடுக்கவில்லை.

அந்த வாசனைத் தண்ணீரைத் தபால்காரருக்கே கொடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. குடிலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு அட்டையில் "ஆச்சு" என்று மட்டும் எழுதிப் போடு. வேறு ஒரு வரியும் வேண்டாம். அம்மாவுக்குப் புரியாது, தபால்காரருக்கும் புரியாது. அதைப் பார்த்தால்தான் எனக்குக் கத்தி பிடிக்க வரும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தத் தாயும் குட்டிகளும் நன்றாக இருக்கட்டும்.

உன் குரலைக் கேட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த
அப்பா