என் நாற்காலியும் சாஜித்தும்

9 ஜூன் 2025, திங்கள்

சிங்கப்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து என் மேலதிகாரி லிம் பேசினார். மண்டலத் தலைவர் பதவிக்கு என் பெயர்தான் முன்னால் இருக்கிறதாம். ஆனால் அதற்கு முன் நான் 'பிளாக் லீவ்' எடுத்தே ஆக வேண்டுமாம். வங்கிக் கணினிகளைத் தொடுகிறவர்கள் வருடத்தில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் விலகியிருக்க வேண்டும். உள்ளே நுழையக் கூடாது, அலுவலகப் போன் கிடையாது. ஆள் இல்லாதபோதுதான் திருட்டு வெளியே வரும் என்று யாரோ புத்திசாலி போட்ட விதி. இத்தனை வருடம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தேன். வங்கியின் செனாய் கணினி மையத்துக்குத் தலைவி நான். நான் இல்லாமல் எப்படி ஓடும்?

பொறுப்பைச் சாஜித்திடம் கொடுங்கள் என்றார். என் துணை மேலாளர் சாஜித். அவன் பெயரைச் சொல்ல லிம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏன்?

11 ஜூன், புதன்

லிஃப்டுக்குள் நான் நுழைந்ததும் சாஜித் சட்டென்று போனை இறக்கினான். "ஓகே, மிஸ்டர் லிம்" என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது. கேட்டால், "சும்மா லா மேடம், லீவு வாரத்து டூட்டி பத்தி" என்கிறான்.

சும்மா பேச எதற்கு அத்தனை மெதுவான குரல்? குழி வெட்டுகிறார்கள். முதலில் விடுப்பு, பிறகு விடை.

16 ஜூன், திங்கள்

விடுப்பு முதல் நாள். அலுவலகக் கணினிக்குள் நுழையும் என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

காப்பி போடப் போனால் சர்க்கரை டப்பா இருக்கும் இடம் தெரியவில்லை. ரூபேந்திரன் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். மாலையில் டியூஷன் எடுப்பவர், பகலில் வீடு அவர் கையில்தான். கட்டிய கணவர் சிரித்தால்கூட உள்ளர்த்தம் தேடுகிறேன்.

லோஷினியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, அப்பா வருவாரு. எந்த கேட்டுன்னு உங்களுக்குத் தெரியாது." தெரியாதுதான். பெற்ற பிள்ளை நிற்கும் இடம் தெரியாது. இவளும் எதையாவது மறைக்கிறாளா?

17 ஜூன்

யாரும் கூப்பிடவில்லை. விதி அப்படி. அதற்காக ஒருத்தர்கூடவா விதியை மீற மாட்டார்கள்?

18 ஜூன், புதன்

வாழைப்பழம் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஸ்கூடாயிலிருந்து செனாய் வரைக்கும் காரை ஓட்டினேன். அலுவலக வாசலில், என் கார் நிற்கும் இடத்தில் சாஜித்தின் வெள்ளை மைவி கார். என்ன அவசரம் இவனுக்கு! வாழைப்பழம் வாங்க மறந்துபோனேன்.

19 ஜூன், வியாழன்

செய்துவிட்டேன். முன்பு சோதனைக்காக உருவாக்கிய பழைய கணக்கு ஒன்று உண்டு. என் பெயரில் இல்லாததால் அதை முடக்கவில்லை. காலையில் வீட்டிலிருந்தே அதில் உள்ளே போனேன். எதையும் தொடவில்லை — பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறைகூட இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரூபேந்திரன் பெட்ரோல் நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். "வாசு, என்னா உங்க பேங்க் கார்டு போவல? இங்க எல்லாரும் லைன்ல நின்னு கத்துறாங்க." எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அப்போது சந்தோஷம். பார்த்தாயா சாஜித், நான் நாலு நாள் இல்லை, கடையை இழுத்து மூடிவிட்டாய்!

மாலையில் அவனே கூப்பிட்டான், சொந்தப் போனிலிருந்து.

"மேடம், யாரோ வெளியிலேர்ந்து பழைய டெஸ்ட் அக்கவுண்ட்ல உள்ள வந்துட்டாங்க. திருடன்னு நெனச்சு எல்லா லைனையும் நாங்களே வெட்டிட்டோம். அதான் கார்டு ஓடல." குரலைத் தாழ்த்தினான். "இப்ப பார்த்தா அது உங்க வீட்டு லைன், மேடம்."

மேசைமேல் திறந்து கிடந்த கணினியை மூடி வைத்தேன்.

"காலைல நான் ரிப்போர்ட் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி நீங்களே மிஸ்டர் லிம்கிட்ட சொல்லிட்டீங்கன்னா நல்லது."

இது மிரட்டலா, நல்லதுதான் சொல்கிறானா? என் வாயாலேயே என்னை மாட்ட வைக்கிறானா?

20 ஜூன், வெள்ளி

லிம்மிடம் சொன்னேன். சாஜித் இதை வேண்டுமென்றே பெரிதாக்குகிறானா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், நான் பாதி தப்பித்திருப்பேன். "விதிப்படிதான் செய்தார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

24 ஜூன், செவ்வாய்

எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. வேலை இருக்கிறது. மண்டலப் பதவி போயிற்று.

சாஜித்தை அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டே விட்டேன். "என் சீட்டு மேல உனக்கு ஆசைதானே?" மழுப்புவான் என்று நினைத்தேன்.

"ஆமா மேடம். ஆசை இல்லாம? ஆனா நீங்க மேல போனாதானே எனக்குக் கெடைக்கும்? அதுக்குத்தான் அந்தப் போஸ்டுக்கு உங்களைப் போடுங்கன்னு மிஸ்டர் லிம்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். லீவுல அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்னேன். எங்க டீம் தனியா ஓட்டிக் காட்டினா உங்களை மேல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

பொய்யா என்று அவன் முகத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. காரை என் இடத்தில் நிறுத்தியதைக் கேட்க வாய் வரவில்லை. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான். அவனுக்கும் சேர்த்துல்ல கதவைச் சாத்திட்டேன்.

14 ஜூலை, திங்கள்

சாஜித் ராஜினாமா கொடுத்துவிட்டான். சிங்கப்பூரில் வேறொரு நிறுவனம். ஆகஸ்டோடு போகிறான். சம்பளம் கூட்டித் தருகிறோம் என்றேன். "சம்பளம் இல்ல மேடம். இங்க எனக்கு மேல எடம் இல்ல" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

8 செப்டம்பர், திங்கள்

வெள்ளிக்கிழமை பத்து பாகாட் நகரில் லோஷினிக்குப் பூப்பந்துப் போட்டி. "நீங்களும் வரீங்களாம்மா?" என்று அவளாகவே கேட்டாள். இதுவரை கேட்டதில்லை.

லிம்மிடம் ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். தாராளமாக என்றார். அன்றைக்குப் பொறுப்பை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்டார். என் அறைக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். எல்லோரும் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பெயரும் என் வாயில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

லோஷினிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.