விழாமல் போனவர்கள்

தனுண்டா,
9 ஜனவரி 1984

அன்புத் தம்பி ரைன்ஹோல்டுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். திராட்சை இந்த வருஷம் சீக்கிரமே பழுக்கும் போலிருக்கிறது. உன் அத்தான் இப்போதே கூடைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் வந்தது. நாய் யாரிடம் போகவேண்டும், புத்தகங்கள் எந்த நூலகத்துக்கு, கைக்கடிகாரம் என் மகனுக்கு என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். "உன் தம்பி ஊருக்கே வந்துடப் போறான்" என்று உன் அத்தான் சந்தோஷப்பட்டார். எனக்கோ அது ஊருக்கு வருகிறவன் எழுதுகிற கடிதமாகப் படவில்லை.

ஒரு கங்காரு சாலையில் காருக்குக் குறுக்கே வந்தது, என் மனைவி லோயிஸும் குழந்தையும் போனார்கள், அதற்குமேல் இதில் எந்த அர்த்தமும் இல்லை என்று பிரசங்கபீடத்தில் நின்று சொல்லிவிட்டு, அங்கியைக் கழற்றி வைத்துக் கூபர் பீடிக்கு ஓபல் கல் தோண்டப் போனாய். பதினான்கு மாதமாக உன்னோடு வாதாடி ஓய்ந்துவிட்டேன். ஆண்டவரை நம்பாவிட்டால் போ. உயிரோடு இரு. பதில் வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

உன் அக்கா,
எர்னா

கூபர் பீடி,
21 ஜனவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் பொய் சொல்லி என்றைக்குத் தப்பித்திருக்கிறேன்? நீ பயந்தது சரிதான். நாளும் குறித்திருந்தேன். அதற்குள் பக்கத்துக் குழிக்காரன் ஸ்லாவ்கோ மாரடைப்பில் போய்விட்டான். பாதிரியார் அடிலெய்டிலிருந்து வர இரண்டு நாளாகும். இந்த வெயிலில் உடல் அதுவரை தாங்காது. நாலு பேர் என் வாசலில் வந்து நின்றார்கள்.

"பாஸ்டர், நீங்க அவனோட பழகின ஆளு. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"எனக்கு நம்பிக்கை போயிடுச்சுப்பா."

"அவனுக்கும் இல்ல. நல்ல ஜோடிதான், கிளம்புங்க."

அடக்கத்தில் வேதவசனம் எதுவும் வாயில் வரவில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னேன். இங்கே தோண்டிக் கைவிட்ட குழிகள் ஆயிரக்கணக்கில் வாய் பிளந்து கிடக்கின்றன. ஸ்லாவ்கோ தினமும் சாயங்காலம் பழைய கதவும் தகரமும் லாரியில் ஏற்றிப்போய், தனக்குச் சம்பந்தமே இல்லாத குழிகளை மூடுவான். "வேலையத்தவனே, எவன் விழப்போறான்?" என்று ஒருநாள் கேலி பண்ணினேன். "எவன்னு தெரிஞ்சா எதுக்கு மூடறேன்? நேரா அவன்கிட்டயே சொல்லிட்டுப் போயிடுவேனே" என்றான். யார் விழுந்தாலும் மண்ணுக்கு ஒன்றுதான், இவனுக்கு அப்படி இல்லை என்று சொல்லி முடித்தேன். விழாமல் போனவர்கள் யாரும் நன்றி சொல்ல வரவில்லை. அவர்களுக்கே தெரியாதே.

மறுநாள் அவன் லாரியில் ஏழு கதவுகள் மிச்சம் கிடந்தன. கொண்டுபோய்ப் போட்டேன். ஆறு எங்கெங்கோ. ஏழாவது, நான் எனக்கென்று பார்த்து வைத்திருந்த குழியின்மேல். அன்று நன்றாகப் பசித்தது.

நம்பிக்கை திரும்பவில்லை, கனவு காணாதே. ஈஸ்டருக்கும் வரமுடியாது. இந்தப் பக்கம் மட்டும் நானூறு குழி இருக்கும். கதவுகள் கிடைத்தால் அனுப்பு.

ரைன்ஹோல்ட்

தனுண்டா,
6 பிப்ரவரி 1984

என் தம்பிக்கு,

அடுப்படியில் நின்றபடியே படித்தேன். அழுதேன், வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டவும் செய்தேன். உன் அத்தான் ஊரெல்லாம் அலைந்து பதினொரு கதவு சேர்த்துச் சரக்கு லாரியில் ஏற்றிவிட்டார். கோழிக்கூட்டுக் கதவையும் விடவில்லை. கோழிகள் இப்போது என் சமையலறையில் குடியிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓட்டிலி, எல்லார் காதிலும் விழும்படி, "உன் தம்பி ஆண்டவர்கிட்ட திரும்பி வந்துட்டானா, எர்னா?" என்று கேட்டாள். போன மாதம் என்றால் தலைகுனிந்திருப்பேன்.

"இல்ல, ஓட்டிலி. ஆனா இருக்கான்" என்றேன்.

எர்னா அக்கா