கீழே இறங்கிய கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. முன்பெல்லாம் மையில் விழுந்த எறும்பு நடந்து போன மாதிரி எழுதுவாய். இப்போது ஒவ்வொரு எழுத்தும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. சந்தோஷம். என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ மூச்சு வாங்குகிற இடைவெளியில்தான் நான் பேச முடியும். அந்த இடைவெளியில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விண்ணப்பப் படிவமும் வந்தது. அங்கே முதியோர் தொண்டர் குழு இருக்கிறது, நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், என் மகன் வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, மூன்றே மாதத்தில் உனக்கு ரத்த அழுத்தம் இறங்கும், சும்மா உட்கார்ந்து துருப்பிடித்துப் போகாதே என்று எழுதியிருக்கிறாய். காற்றில் அடித்துக்கொள்கிற சமையலறை ஜன்னலுக்கு அந்தப் படிவத்தை நாலாக மடித்துச் சொருகியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

தெருமுனை மருத்துவமனையில் அந்த அறிவிப்பைப் பார்த்தவள் நான்தான். அறுபத்தைந்து தாண்டியவர்கள் தொண்டு செய்தால் உடம்பு தேறுகிறதா என்று ஆராய்ச்சி. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் படிக்கக் கற்றுத்தர வேண்டும். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீயோ வரமாட்டேன் என்றாய். முட்டி வலி, மத்தியானத் தூக்கம், டிவி தொடர் என்று மூன்று காரணம் சொன்னாய். துணைக்காவது வா என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

அங்கே ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். உன் உறையில் உடனே சேரலாம் என்று இருந்தது. என் உறையில் ஓராண்டு காத்திருக்கவும் என்று இருந்தது. நீ சிரித்துக்கொண்டே, எனக்கு எதுக்கடி இது, நீயே வச்சுக்கோ என்று உன் உறையை நீட்டினாய். எப்போதும் கையில் கிளிப் அட்டையோடு திரிவாளே, நாம் அட்டைப் பெண் என்று பேர் வைத்த அந்தப் பிள்ளை, குறுக்கே வந்து தடுத்தாள். குலுக்கல்னா குலுக்கல்தாம்மா, மாத்திக்கிட்டா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும் என்றாள். போகிறவர்களையும் காத்திருக்கிறவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியுமாம். ஒரு வருஷம் பொறுத்தால் அடுத்த வருஷம் எங்கள் முறை என்று வாக்குக் கொடுத்தாள்.

மாதம் ஒருமுறை நம் இரண்டு பேரையும் அளந்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு பிடியை இறுக்கச் சொல்லிக் கைப்பலம் பார்த்தார்கள். ஓட்டப் பந்தயக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆறு மீட்டர் நடக்கச் சொன்னார்கள். பத்துச் சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் கேள்வித்தாள். அதில் ஒரு கேள்வி: கடந்த ஏழு நாளில் யாருக்காவது உங்களால் பயன் இருந்தது என்று எத்தனை நாள் தோன்றியது?

மூன்றாவது மாதம், ஏழு நாளும் என்று சொல்லிவிட்டேன். அட்டைப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். என்னம்மா செய்யறீங்க என்று கேட்டாள். மேல்மாடி கணக்கு டீச்சருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன் என்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது? டீச்சருக்குக் கண் போனதிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு நான் மேலே போவதும், அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் காத்திருப்பதும் உனக்குத் தெரியாததா? தலைப்பில் ஆரம்பித்து வரி விளம்பரம் வரை படிக்க வேண்டும். நான் கொஞ்சம் ஓட்டினால், கமாவுக்கு மூச்சு விடுங்கம்மா, பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலியா குடுக்கறாங்க என்பார். ஒரு தரம் விலைவாசிச் செய்தியில் சதவீதம் தப்பு என்று மனக்கணக்காகவே போட்டுச் சொன்னார். கணக்கு சரிதான். அதைத் தொண்டு என்று நான் நினைத்ததே இல்லை, அக்கா. எனக்கும் பொழுது போக வேண்டுமே என்றுதான் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. அந்தப் பெண்தான். குரலில் அவளுக்கே வருத்தம் தெரிந்தது. மேலதிகாரி சொல்கிறாராம், இதுவும் தொண்டுதான், காத்திருக்கும் வருஷத்தில் வேறு தொண்டு கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். நாங்க செய்யக் கூடாதுன்னு சொல்லலைம்மா, செஞ்சா உங்களைப் பட்டியல்ல வச்சுக்க முடியாது, அடுத்த வருஷ இடமும் போயிடும் என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது உன்னிடம் சொன்னேன். நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாண்டு உன் மடியில் ஏறி உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கத் தடுக்காமல் படித்த கதையைப் பாதியில் வைத்திருந்தாய். ஒரு வருஷம்தானே, விடு, டீச்சருக்கு ரேடியோ இருக்கு என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி. ஆனால் மாடிப்படி ஏறாமல் நின்ற கால் என்னுடையது. உன்னுடையது இல்லை.

டீச்சரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குப் படித்துக் காட்டினால் என் பெயரை அடித்துவிடுவார்களாம் என்று ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? தொண்டையில் கோளாறு, சத்தமாகப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். மறுநாளே வாட்ச்மேனிடம் தொண்டை மாத்திரை ஒரு அட்டை கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் இன்னொரு அட்டை. திருப்பி அனுப்பினால் பொய் தெரிந்துவிடும். அதனால் சப்பித் தீர்த்தேன், அக்கா. நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு இரண்டு அட்டையும் சப்பித் தீர்த்தேன்.

அப்புறம் நடந்தது நீ பார்த்ததுதான். உனக்குச் சர்க்கரை மாத்திரை பாதியானது. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. பத்துச் சொல்லில் ஐந்து சொன்னவள் எட்டு சொன்னாய். பத்தாவது மாதம் டாக்டர், தாராளமா விமானத்துல போகலாம் என்றார். மகனும் வா என்றான். போய்விட்டாய். வழியனுப்பிவிட்டு வந்து இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைத்தேன்.

எனக்குக் கைப்பலம் குறைந்தது. ஆறு மீட்டருக்கு இரண்டு விநாடி கூடியது. பத்துச் சொல்லில் ஆறுதான் வந்தது. அந்தக் கேள்விக்கு மாதாமாதம் பூஜ்யம் என்றேன். அட்டைப் பெண் தலை நிமிராமல் குறித்துக்கொள்வாள்.

நீ போய் மூன்று வாரம் இருக்கும். கடைசி அளவெடுப்புக்கு இன்னும் ஒன்பது நாள். அன்று காலையிலிருந்து மேலே ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் விளம்பரம் வந்தால் பொறுக்கமாட்டார், உடனே நிலையத்தை மாற்றுவார். அன்றைக்கு யாரும் மாற்றவில்லை. துணி மடிக்கும்போது கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். போய்ப் பார்க்கலாமா என்றும் நினைத்தேன். போனால் படிக்கச் சொல்வார், படித்தால் அந்தப் பெண் கேட்கும்போது பொய் சொல்ல வேண்டும், இன்னும் ஒன்பது நாள்தானே என்று உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வாட்ச்மேன்தான் கதவை உடைத்தார். டீச்சர் குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். முந்தின நாள் காலையிலிருந்து. இடுப்பு எலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல், ஈரத் தரையில். நான் அந்தத் தரைக்கு நேர் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் நின்று டீச்சர் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குரலைக் கண்டுபிடித்துவிட்டார். தலையைத் திருப்பி, தொண்டை சரியாயிடுச்சா என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். நல்லது என்றார். பையில் பேப்பர் இருந்தது. எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு கமாவுக்கும் நின்றேன். தலைப்புச் செய்தி முடிவதற்குள் தூங்கிவிட்டார். பிறகு ஆறு நாள் இருந்தார். ஆறு நாளும் போனேன். ஒரு நாளும் நினைவு தெளியவில்லை. விழுந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் உயிர் போய்விட்டது.

அன்று காலைதான் என் கடைசி அளவெடுப்பு, அதற்கும் போய்விட்டு வந்தேன். சொன்னால் நம்புவாயா? டீச்சர் கட்டிலில் கிடக்கும்போது, அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஆறு மீட்டர் நடந்து காட்டினேன்.

அடுத்த மாதம் எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். பெரிய திரையில் இரண்டு கோடு காட்டினார்கள். ஒன்று மேலே ஏறியது, அது நீங்கள். ஒன்று கீழே இறங்கியது, அது நாங்கள். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், அவரும் தட்டினார். நாம எந்தக் கோடுங்க என்று என்னிடம் கேட்டார். கீழே போகுதே அது என்றேன். தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு மேலதிகாரி எழுந்து, ஆய்வு மகத்தான வெற்றி, ஆனால் நிதி கொடுத்தவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டதால் காத்திருப்போர் குழுவைத் தற்சமயம் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை என்றார். தற்சமயம் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் பங்களிப்பு என்ற சொல்லில் ஒரு ப்-ஐ விட்டிருந்தார்கள். பங்களிபு. பழக்கதோஷம், பேனாவை எடுத்துத் திருத்திவிட்டேன்.

வெளியே வரும்போது அட்டைப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் வேலை போய்விட்டதாம். ஒன்றே ஒன்று கேட்டேன். எங்கள் மாடி டீச்சர் எந்தக் கோட்டில் வருகிறார் என்று. அவங்க ஆய்வுலயே இல்லையேம்மா என்றாள். தப்பாகச் சொல்லவில்லை பாவம். உள்ளதைத்தான் சொன்னாள்.

இதுதான் நான் படிவத்தில் கையெழுத்துப் போடாததற்குக் காரணம். நீ செய்வது நல்ல காரியம், நிறுத்தாதே. அந்தக் கோடும் பொய் இல்லை. உன்னையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனால் உடம்புக்கு நல்லது என்று தெரியாதவரை நான் பாட்டுக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தேன். நல்லது என்று தெரிந்த பிறகு, என் உடம்புக்காக அவரை விட்டுவிட்டேன். இனிமேல் யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும், இதில் எனக்கு எவ்வளவு தேறும் என்று கை நாடி பார்க்கும் போலிருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். போன வாரம் டீச்சரின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாள். நான் கதவைத் திறக்கவில்லை. ஒரு கடிதத்தைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா போனில் பேசும்போதெல்லாம், இன்றைக்கும் கீழ்வீட்டு அம்மா வந்து படித்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வாராம். விழுவதற்கு முந்தின நாள்கூடச் சொன்னாராம். நீங்கள் தினமும் வருகிற தைரியத்தில்தான் அம்மாவைத் தனியாக விட்டு வைத்திருந்தேன், இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் என்று எழுதியிருக்கிறாள். எட்டு மாதம், அக்கா. எட்டு மாதம் அவர் எனக்காகப் பொய் சொன்னாரா, மகள் கவலைப்படாமல் இருக்கச் சொன்னாரா, தெரியவில்லை.

அவளுக்குப் பதில் எழுத வேண்டும். நாலு தாள் கிழித்துவிட்டேன். ஊரார் பிழையையெல்லாம் திருத்தினேன், இதில் ஒரு வரி எனக்கு வரவில்லை. உண்மையை எழுதுவதா, நன்றியை வாங்கிக்கொள்வதா? நீயாவது இரண்டு வரி எழுதி அனுப்பு. நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இரு. மருமகளிடம் விட்டுக்கொடுத்துப் போ. மருந்து பாதியாகிவிட்டதே என்று மீதியையும் நிறுத்திவிடாதே. வாட்ச்மேன் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தினமும் ஒருமுறை எனக்குப் போன் செய். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் செய். நான் எடுக்கவில்லை என்றால், தூங்கியிருப்பாள் என்று மட்டும் நினைத்துவிடாதே.

உன் தங்கை