இருநூறு வாட்ஸ் புகை

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மாமாவுக்கு,

அன்பரசி எழுதுகிறேன். நானும் நம் பாப்பாவும் நலம். போனில் பேசினால் நடுவிலேயே சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால் லீவு முடிந்து நீங்கள் இருக்கும் மஸ்கட்டுக்கே திரும்பும் வளவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சிகரெட்டை விட்டுவிட்டு பேட்டரியில் ஓடும் அந்த இருநூறு வாட்ஸ் புகைக் கருவியை வாங்கலாமா, விலைக்குத் தகுமா என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவளாயிற்றே, நீயே சொல் என்றீர்கள். கேலியோ என்னவோ, நான் நிஜமாகவே பார்த்துவிட்டேன்.

போன லீவில் நீங்கள் பெட்டியில் மறந்துவிட்டுப் போன சின்னக் கருவி இருக்கிறதே, அதை முதலில் ஒரு இழுப்பு இழுத்தேன். திட்டாதீர்கள். மாம்பழ வாசனை. இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அம்மா வாயில பொகை வருது!" என்று பாப்பா தெருவுக்கே கேட்கக் கத்தினாள். ஆனால் அந்தப் புகை சுருண்டு சுருண்டு போனது அழகாகத்தான் இருந்தது.

பிறகு பிரித்தேன். உள்ளே நகம் அளவுக்கு ஒரு பீங்கான் கிண்ணம்! அதற்குள் கம்பிச்சுருள், கருகின பஞ்சு. எலக்ட்ரீஷியன் மணிபாரதி அண்ணனிடம் பெரிய கருவியைப் பற்றிக் கேட்டேன். "வாட்ஸ் ஏறுனா பொகை ஜாஸ்தி வரும்மா. ஊத்துற தண்ணியும் சீக்கிரம் தீந்துடும், பேட்டரியும் சூடாவும். அவ்ளோதான்" என்றார்.

பொருளில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃபியூஸ் கட்டையைக்கூட எங்கே மாட்டப் போகிறார்கள் என்று தெரிந்துதான் தரம் சொல்வோம். இந்தப் புகை போகப் போவது உங்கள் நெஞ்சுக்குள்.

போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் நெஞ்சில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. கலியமூர்த்தி அண்ணன் நுரையீரலில் தூசி படிந்திருக்கிறதாம். அவர் பீடியைக்கூடத் தொட்டதில்லை. மஸ்கட் போவதற்கு முன், மண் அரைக்கிற இடத்தில் ஒன்பது வருஷம் அவருக்குப் பக்கத்தில் நின்றது நீங்கள்தான். "ஆரம்பத்துல காலையில மட்டும்தான் இருமுவாரு" என்று அவர் மனைவி சொன்னார்கள். உங்கள் போனும் எனக்குக் காலையில்தான் வருகிறது.

கருவி வாங்குவது உங்கள் விருப்பம். அதற்கு முன் ஒரு நெஞ்சுப் படம் எடுத்து அனுப்புங்கள். அதில் என்ன இருந்தாலும் மறைக்காமல் அனுப்புங்கள். இருமல் வந்தால் போனைத் தள்ளிப் பிடிக்காதீர்கள். நம் ஊர்ப் பழமலைநாதர் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்
அன்பரசி