நாம் சோதித்த மருந்து

இன்று காலை ஆய்வகத்தின் பிரிண்டரிலிருந்து ஒரு வண்ணப்படம் வெளியே வந்தது. ஹெர்பிஸ் வைரஸ் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கப் பயன்படுத்தும் புரதத்தின் வடிவம். பாதி மூடிய வலது கை போல இருக்கும். உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல் என்றே அதன் பகுதிகளுக்குப் பெயர். தாளில் சூடு ஆறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன்னைத்தான் நினைத்தேன்.

அந்தப் புரதத்தைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவள் நீ. ஓசூரில் ஒரு மருந்து கம்பெனியின் தரச்சோதனைப் பிரிவில் நாம் இருவரும் கெமிஸ்ட். ஹெர்பிஸுக்கான மருந்து அசைக்ளோவிர்; அதன் பொடியை நாள் முழுக்கச் சோதிப்போம். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. நீ படித்து வைத்திருந்தாய். "இது பொய்ச் செங்கல்டி," என்றாய் ஒருநாள் கேன்டீனில். "வைரஸோட புரதம் டிஎன்ஏ கட்டுறப்ப இத நெசம்னு நம்பி எடுத்து அடுக்கும். அதுக்கு மேல அடுத்தது ஒட்டாது. வேல அங்கயே நின்னுரும்."

பாகலூர் சாலையில் ஒரே அறையில் இருந்தோம். அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் மாலை, "ரப்பர் கருகுற நாத்தம் வருது பாரு," என்றாய். சுற்றிலும் தொழிற்சாலைகள். எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை. ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அடுத்த நாள் தண்ணீர்ச் செம்பைக் காட்டி, "அந்தச் சீப்ப எடு," என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்கவே முடியவில்லை, என்னுடையதைச் சொல்கிறேன்.

உன் அண்ணன் வந்தபோது அவர் பெயர் உனக்கு வரவில்லை. "எதையோ பாத்து பயந்துருக்கா. ஊர்ல மந்திரிச்சா சரியாயிரும்," என்று ஊத்தங்கரை பஸ்ஸில் ஏற்றினார். நான் தடுக்கவில்லை. லீவு இல்லை என்று வேலைக்குப் போனேன். ஊரில் உனக்கு வலிப்பு வந்து, கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது ஆறு நாள் கழிந்திருந்தது.

"இல்லாத வாசன ஏதாவது வருதுன்னு சொன்னாங்களா?" என்று டாக்டர், செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த என்னிடம் கேட்டார்.

"ரப்பர் கருகுதுன்னு சொன்னா சார்."

"எப்போ?"

"ரெண்டாம் நாளு."

அவர் எழுதிக்கொண்டார். வாசனையையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதியில்தான் ஹெர்பிஸ் வைரஸ் பெருகியிருந்தது. உன் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தின் பெயரைப் படித்தேன். அசைக்ளோவிர்.

மருந்து தன் வேலையைச் செய்தது. வைரஸ் நின்றது, நீ பிழைத்தாய். ஆனால் புதிதாக எதுவும் உன் மனதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு வலிப்பில் போய்விட்டாய். எல்லாம் முடிந்த பிறகு அண்ணன் என்னிடம் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் வேல பாத்த மருந்துதானாம்மா அது?"

"ஆமாங்ணா."

"அப்புறம் ஏம்மா?"

"லேட்டா குடுத்தோம்ணா."

அதன் பிறகு அந்த வேலையில் இருக்க முடியவில்லை. மேலே படித்து இந்த ஆய்வகத்துக்கு வந்தேன். டிஎன்ஏவைப் பிடித்து வேலை செய்யும் நிலையில் அந்தப் புரதத்தின் வடிவம் உலகத்துக்குத் தெரிய வந்தே சில ஆண்டுகள்தான் ஆகின்றன. நீ சொன்ன பொய்ச் செங்கல் எந்த இடுக்கில் போய் உட்காரும், எங்கே ஒரு சிறு மாற்றம் வந்தால் வைரஸ் ஏமாறாமல் தப்பிவிடும், மனிதரின் புரதத்தில் இல்லாத குழி எது என்று பார்க்கிறோம். அந்தக் குழியில் பொருந்தும் மூலக்கூறு கிடைத்தால், பழைய மருந்துக்கு அடங்காத வைரஸையும் நிறுத்தலாம். இதுவரை முயன்ற எதுவும் பொருந்தவில்லை. பொருந்தினாலும் அது உன்னைக் காப்பாற்றியிருக்காது. உனக்கு மருந்து இருந்தது. நாள்தான் இல்லை.

உன் கடைசி மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரைக்கு வந்திருந்தேன். எப்போதும் போல, "யாருங்க?" என்று கேட்டு நாற்காலி போட்டாய். ஓசூரிலிருந்து வருகிறேன் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"ஓசூர்ல என் ரூம்ல ஒருத்தி இருக்கா. காய்ச்சல் விட்ருச்சு, திங்கக்கெழம வேலைக்கு வந்துர்றேன்னு அவகிட்ட சொல்லிருங்க. தனியா இருக்க பயப்படுவா."

"சொல்லிர்றேங்க," என்றேன்.

அந்தச் செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன்.