பாக்கலாமுங்க

சூலூர்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள கதிர்வேலுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். இரண்டு மாதம் பாடக்கூடாது, பேசவும் கூடாது என்கிறார் டாக்டர். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த ஊருக்கு வேனை எடுத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் நீ டிரம்ஸ் அடிக்க, நான் கத்த, மோட்டார் எரிந்துவிட்டதென்று அப்பா ஓடி வந்தார். அதையே பேண்டுக்குப் பெயராக வைத்தோம். இன்று எந்த பப்புக்குப் போனாலும் கூட்டம் நம் பாட்டைக் கூடவே பாடுகிறது. சந்தோஷம்தான். அதற்காக ஒரே சனிக்கிழமை பெங்களூரிலும் சென்னையிலும் நிகழ்ச்சி ஒப்புக்கொள்வாயா? எல்லாவற்றையும் ரத்து செய்.

யுவஸ்ரீ


சென்னை
12 பிப்ரவரி

அன்பு அம்மணிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சென்னை நிகழ்ச்சியை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த பப்பின் மேனேஜர் கேட்டதற்கு, "சனிக்கெழமையா, பாக்கலாமுங்க" என்றேன். நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படிச் சொன்னால், வேண்டாம் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டு செருப்பை மாட்டிக் கிளம்பிவிடுவார்கள். இந்த மனுஷன் சனிக்கிழமை சந்திப்போம் என்று எடுத்துக்கொண்டு போஸ்டர் அடித்துவிட்டார்.

நேரில் சொல்லலாமென்று வந்தேன். பிரியாணி வாங்கிக் கொடுத்து உபசரிக்கிறார். முகத்துக்கு நேரே முடியாதென்று எப்படிச் சொல்வது? மார்ச்சுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கதிர்


சூலூர்
17 பிப்ரவரி

கதிருக்கு,

இரண்டு மாதம் என்றால் மார்ச்சும் அதில் அடக்கம் என்று உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடி பாட முடியாமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நீயோ முன்பின் தெரியாத மேனேஜரின் முகம் வாடக்கூடாதென்று பார்க்கிறாய். என்னிடம் முடியாதென்று சொல்ல மட்டும் உனக்கு ஒரு நாளும் கூச்சம் வந்ததில்லை.

போனை எடுத்து, "முடியாதுங்க" என்று சொல். அந்த ஒரு வார்த்தை போதும்.

யுவஸ்ரீ


காந்திபுரம்
3 மார்ச்

அன்பு யுவாவுக்கு,

போன் போட்டேன். "வணக்கமுங்க, சாப்டீங்களா" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வாய் வரவில்லை.

அதனால் தேஜாவைக் கூப்பிட்டேன். கல்யாணக் கச்சேரிகளில் பாடும் பெண். உன் அளவுக்கு இல்லை, ஆனால் சமாளித்துவிடுவாள். நீ இல்லாத பேண்டில் கிடார் வாசிக்க மாட்டேன் என்று ஆஃப்ரின் விலகிவிட்டாள். வேறு ஆள் பார்த்தாயிற்று. எல்லாம் தற்காலிகம்தான்.

பாட்டு வரிகளை அனுப்பிவைப்பாயா? கோபமில்லையே?

கதிர்


சூலூர்
8 மார்ச்

கதிர்வேலுக்கு,

வரிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பாடிய வேகத்தில் தேஜா பாட வேண்டாம். மூன்றாவது பாட்டில் பல்லவி முடிந்ததும் நீ விடாமல் அடித்துக்கொண்டே போவாய். அந்த இடத்தில் கையை நிறுத்து, அந்தப் பெண் மூச்சு எடுக்கட்டும். நான் கேட்டபோதெல்லாம் விறுவிறுப்பு போய்விடும் என்றாய். போனால் போகட்டும்.

கோபமில்லையே என்று கேட்டிருந்தாய். கோபம்தான். நான் இனி திரும்பி வரமாட்டேன். தற்காலிகம் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

நேற்று டாக்டர் சோதித்துப் பார்க்க மெதுவாக ஒரே ஒரு ஸ்வரம் பாடச் சொன்னார். வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். உடனே உன்னிடம் சொல்லத்தான் தோன்றியது. ஆஃப்ரினுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன்.

யுவஸ்ரீ